ஊர்ப் பெயரும் கள்ளக்கடத்தலும்: தரங்கம்பாடி முதல் கோடியக்கரை வரை ஊர் வரலாறு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர்ப் பெயர் ஆய்வையும் கடத்தல் வரலாற்றையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்?

தரங்கம்பாடியில் தொடங்கிக் காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் கடற்கரையில் தன் ஊரின் வரலாற்றைத் தேடத் தொடங்கும் எவரும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பது ஒன்று. அந்தக் காலத்தில் இங்கே பெரிய கடத்தல் கும்பல் இருந்ததாமே, உண்மையா என்பது மற்றொன்று. தொடர்பற்றவை போலத் தோன்றினாலும் இவ்விரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு சிற்றூரின் பெயரை முற்கால அரசு கல்லிலோ செப்பேட்டிலோ பொறித்து வைத்ததற்குப் பெரும்பாலும் நிலத்தின் மீதான வரியே காரணம்; அந்த ஊரார் இரவில் தோணி தள்ளியதைப் பிற்கால அரசு எழுதி வைத்ததற்கும் வரியே காரணம். ஆகவே, எந்தச் சான்றைக் கையில் எடுத்தாலும் இதை யார் எழுதினார், யாரிடமிருந்து எதை வசூலிக்க அல்லது எதை விட்டுக்கொடுக்க எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர்ப் பெயரின் பொருளை எப்படிக் கண்டறிவது?

பொருளைத் தேடுவதற்கு முன்னால் வடிவத்தைத் தேட வேண்டும். இன்று வழங்கும் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்வது எளிது, இனிமையாகவும் இருக்கும். ஆனால் நாம் பிரிப்பது இன்றைய பெயரைத்தான்; ஊர் பிறந்தபோது அதற்கு அந்தப் பெயர்தான் இருந்தது என்பதற்கு அது உறுதி தராது.

தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்வோம். தரங்கம் என்றால் அலை, ஆகவே இது 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் அனைத்தும் சொல்கின்றன. அங்கே கடலோரத்தில், அலைகளால் பெரும்பகுதி அரிக்கப்பட்டு நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அதன் கல்வெட்டு அவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்றும், அரசன் பெயரால் 'குலசேகரன்பட்டினம்' என்றும் குறிக்கிறது. சடங்கன் என்பது ஈற்றை வைத்துப் பார்த்தால் ஓர் ஆளைச் சுட்டுவது போல இருக்கிறது. பாடி என்பதோ குடியிருப்பையும் படை தங்கும் இடத்தையும் ஆயர் சேரியையும் குறிக்கும் பழைய ஊர்ப்பெயர் ஈறு; வேலப்பாடியிலும் ஆயர்ப்பாடியிலும் யாரும் பாடவில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் டேனியர் ஒப்பந்தம் செய்து கோட்டை கட்ட வந்தபோது, அவர்கள் காதில் விழுந்து டிராங்கேபார் என்று எழுதப்பட்டது தரங்கம்பாடி என்ற ஒலிதான். ஆக, 'சடங்கன்' இருந்த இடத்தில் 'தரங்கம்' வந்து அமர்ந்த மாற்றம் இடைப்பட்ட ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். அலைகள் பாடியது அதற்குப் பிறகுதான்.

'குலசேகரன்பட்டினம்' என்ற அரசுப் பெயர் அந்த ஊரில் நிலைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கல்வெட்டுகளில் 'இன்ன ஊரான இன்ன நல்லூர்' என்று இரட்டைப் பெயர் வந்தால், முதலில் வருவது பெரும்பாலும் ஊரார் வழங்கியது, அடுத்து வருவது அரசு சூட்டியது. பல ஊர்களில் அரசு போனதும் அது சூட்டிய பெயரும் போய்விட்டது. ஆய்வாளருக்கு இந்த இரண்டாவது பெயரும் பயன்படும். எந்த மன்னன் காலத்தில் அந்த ஊர் அரசின் பார்வைக்கு வந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் ஊர் கல்வெட்டில் வருகிறதா என்பதை எங்கே பார்ப்பது?

1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் தொடங்குங்கள். ஒவ்வொரு கோயிலிலும் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளின் சுருக்கம் அவற்றில் இருக்கும். முழு வாசகத்துக்கு 1890 முதல் வெளியாகும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும், 1961-இல் அமைந்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் மாவட்டவாரி வெளியீடுகளையும் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டில் உங்கள் ஊர் இல்லை என்றால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். நிலம் ஓர் ஊரில் இருக்கும், கல்வெட்டு அந்த நிலத்தைப் பெற்ற கோயிலில், சில நேரம் பல காதம் தள்ளி, இருக்கும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது அடுத்த சிக்கல். இதற்குச் சோழர் கால எழுத்தர்களே விடை வைத்துள்ளனர். முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட ஆனைமங்கலத்தை, இன்று லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் ஆவணம், சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக்கூற்றத்து ஆனைமங்கலம் என்று முகவரியோடு சொல்கிறது. வளநாடு, கூற்றம் என்ற அன்றைய நிலப்பிரிவுகள் பொருந்தாமல் பெயர் மட்டும் பொருந்தினால் அது உங்கள் ஊர் அன்று. ஆர்வத்தில் இதை விட்டுவிட்டு, ஆயிரம் ஆண்டுப் பழமையைப் பக்கத்து மாவட்டத்து ஊரிடமிருந்து கடன் வாங்கிய தலபுராணங்களும் விழா மலர்களும் நிறையவே உண்டு.

கல்லை நேரில் படிக்க விரும்புவோர் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் செல்லுங்கள். நண்பகலில் ஒன்றும் தெரியாது. எழுத்தின் மேல் எண்ணெயோ சுண்ணாம்போ பூச வேண்டாம்.

தேவாரத்தில் பெயர் வந்துவிட்டால் அதுவே போதுமா?

தேவாரம் தரும் உதவி பெரிது. கல்வெட்டுக்கு முற்பட்ட ஒரு வடிவத்தை, எதுகை மோனையின் கட்டுப்பாட்டோடு, எளிதில் திரியாதபடி அது காத்துத் தருகிறது. வேதாரண்யம் என்ற இன்றைய பெயர் வடமொழியாக்கம் என்பதும், மறைக்காடு என்பதே பழம்பெயர் என்பதும் அப்பரும் சம்பந்தரும் பாடியதால் ஐயமின்றித் தெரிகின்றன. முதுகுன்றம் விருத்தாசலமானதும் இதே வழியில்தான்.

ஆனால் பழைய வடிவம் கிடைத்த பிறகும் ஊகங்கள் ஓய்வதில்லை. மறைக்காடு என்பது உண்மையில் 'மரைக்காடு', அதாவது மரை என்னும் மான் திரிந்த காடு என்று சிலர் சொல்வார்கள். அருகில் கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் அமைக்கப்பட்டதே வெளிமான்களுக்காகத்தான் என்பதால் கேட்டவுடன் நம்பத் தோன்றும். இரண்டு தடைகள் உள்ளன. தேவாரத்தில் கிடைப்பது வல்லின றகரம். இடையின ரகரத்தோடு அந்த ஊர்ப்பெயரை எழுதிய பழஞ்சான்று எதையும் இவ்வாறு சொல்வோர் காட்டுவதில்லை. மேலும் சங்கப் பாடல்களில் மரை வருவது முற்றத்து நெல்லியைக் கூட்டமாக வந்து தின்னும் விலங்காக. குறுந்தொகையின் 235-ஆம் பாடலில் அது மேயும் இடம் மலைப்பக்கத்துச் சிற்றூர். உப்புச் சதுப்பின் ஓரம் புல்வெளியில் ஓடும் வெளிமானோடு அதை ஒன்றாக்க முடியாது. ஊகத்தை ஊகம் என்றே குறித்து வைப்பதில் இழுக்கு ஏதும் இல்லை. அதைப் பெயர்ப்பலகையில் எழுதிவிடுவதுதான் தொல்லை.

எங்கள் ஊரில் கல்வெட்டும் இல்லை, பாடலும் இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான ஊர்களின் நிலை இதுதான். இங்கேதான் வருவாய்த்துறைக் காகிதங்கள் கைகொடுக்கின்றன. கிராமத்தின் 'அ' பதிவேடு, பழைய அடங்கல், நிலஅளவைப் படம், இனாம் (வரிச்சலுகை பெற்ற மானிய நிலம்) பதிவேடு ஆகியவற்றில் ஊரின் பெயர் மட்டுமன்றி அதன் உட்கிடைகள், குளங்கள், வாய்க்கால்கள், புறம்போக்குகள் ஆகியவற்றின் பெயர்களும் இருக்கும். 1858-இல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் குறிப்பாகப் பயனுள்ளவை. இந்த மானியம் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று அதிகாரிகள் ஒவ்வொரு நிலத்துக்கும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சொன்னவர்கள் மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறையோடு சொன்னார்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலஅளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டிய கைபீதுகளுக்கும் (ஊரார் சொன்ன வரலாற்றுக் குறிப்புகளுக்கும்) இதே எச்சரிக்கை பொருந்தும். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம்விட, வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரங்களைத்தான் நான் முதலில் கேட்பேன். பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் பகுதியைப் பாருங்கள்: 'இன்னார் நஞ்சைக்கு மேற்கு, சாவடி வாய்க்காலுக்கு வடக்கு, அளத்து மேட்டுக்குக் கிழக்கு' என்பது போல எழுதியிருப்பார்கள். அந்தச் சாவடி இன்று இருக்காது, அளமும் இருக்காது. அங்கே முன்பு சுங்கச் சாவடியோ உப்பளமோ இருந்ததற்கு அந்த ஒரு வரியே தடயமாக நிற்கும். சோழர் செப்பேடுகளும் இதையே செய்தன. தானமாகக் கொடுத்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றி வந்து, 'கல்லும் கள்ளியும் நாட்டி', வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு வாய்க்காலையும் வரப்பையும் பெயர் சொல்லி எழுதினார்கள். ஊரின் பெரிய பெயர் மாறலாம். வாய்க்காலின் பெயரை மாற்றுவதில் எந்த அரசுக்கும் அக்கறை இருப்பதில்லை.

ஐரோப்பியர் எழுதிய பெயர்களை நம்பலாமா?

ஒலிக்கு நம்பலாம், பொருளுக்கு நம்ப வேண்டாம். கோடியக்கரை முனையை ஐரோப்பியர் பாயின்ட் கேலிமியர் என்றனர். அருகிலுள்ள கள்ளிமேடு என்ற ஊரின் பெயரே அவர்கள் வாயில் அப்படி ஆனது என்பது பொதுவான கருத்து. கோடி என்பதோ முனை, கடைசி என்ற பொருளில் இன்றும் வழக்கில் உள்ள சொல். சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயிலும் அந்தக் கோடியில்தான் இருக்கிறது. ஆக, ஒரே முனைக்கு இருவேறு ஊர்களிலிருந்து இரு பெயர்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணப் பட்டியல்களில் தேடினால் பாதி தவறிவிடும். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டல் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இந்த ஒன்றே போதும். டேனிய, டச்சு, பிரெஞ்சு, ஆங்கில வடிவங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தேடுங்கள்.

எங்கள் ஊரில் கடத்தல் கும்பல் இருந்ததாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆளிலிருந்து தொடங்க வேண்டாம், சட்டத்திலிருந்து தொடங்குங்கள். தடையோ தீர்வையோ இல்லாத பொருளை யாரும் கடத்துவதில்லை. எந்தப் பொருள், எந்த ஆண்டுவாக்கில் என்று கதை சொல்பவரிடம் கேட்டு, அந்த ஆண்டில் அந்தப் பொருளுக்கு என்ன சட்டம் இருந்தது என்று பாருங்கள். கதையின் பாதி அங்கேயே உறுதிப்படும் அல்லது உதிர்ந்துவிடும்.

இந்தக் கடற்கரையின் மிகப் பழைய கடத்தல் பொருள் தங்கம் அன்று, உப்பு. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், ஏகபோகமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறை செய்த அதே வேலை, அதே அளத்தில், அதே மண்வெட்டியோடு, அன்றிலிருந்து குற்றமாயிற்று. வேதாரண்யச் சதுப்பில் உப்பு தானாகவே விளைந்து படியும். யாரும் பாத்தி கட்ட வேண்டியதில்லை. ஆகவே உப்பு இலாகாவின் காவலர்கள் அங்கே காவல் காத்ததோடு, விளைந்த உப்பை மண்ணோடு கலந்து அழிக்கவும் வேண்டியிருந்தது. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளைப் பார்த்தால், கும்பல் என்று நாம் கற்பனை செய்யும் ஆட்களைக் காட்டிலும், கூடையில் உவர்மண் அள்ளிய ஏழைகளே மிகுதியாகத் தென்படுவார்கள்.

வரி விகிதத்தையும் கூடவே கவனியுங்கள். 1888-இல் மணங்கு என்ற அன்றைய எடைக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903 முதல் படிப்படியாகக் குறைந்து 1907-இல் ஒரு ரூபாயானது. வரி குறைந்தால் கடத்தலின் ஆதாயமும் குறையும். உங்கள் ஊர்க் கதை இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்டு அம்மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பெடுத்த தொண்டர்களின் நடைப்பயணம் எல்லோருக்கும் தெரியும். அதே உப்பை அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக இருட்டில் எடுத்தவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். 1947 ஏப்ரலில் உப்பு வரி நீங்கியது. அதற்குப் பிந்தைய காலத்தில் நடந்ததாக யாராவது உப்புக் கடத்தல் கதை சொன்னால், அவர் தந்தையின் கதையைத் தன் கதையாகச் சொல்கிறார் என்று கொள்ளலாம்.

காரைக்காலின் பங்கு என்ன?

மிகப் பெரியது, வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், மூன்று பக்கமும் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தால் சூழப்பட்ட துண்டு நிலம். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆங்கிலேயர் 1815-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டு, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பு தங்களுக்கே வரும்படி செய்துகொண்டனர். 1818-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே உப்பு விளைப்பதையே நிறுத்தி, அளத்துக்காரர்களுக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் (அன்றைய பொன் நாணயம்) ஈடு கொடுக்க ஏற்பாடாயிற்று. ஓர் அரசு தன் வரியைக் காக்க அண்டை அரசின் அளங்களுக்கு விலை கொடுத்தது என்றால், வரப்பைத் தாண்டிய உப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

விடுதலைக்குப் பின் கதை வேறு பொருள்களுக்கு மாறுகிறது. 1949-இல் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இருந்த சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்தது முதல், 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது வரையிலான ஆண்டுகளே, தங்கம், வைரம், கைக்கடிகாரம் என்று முதியவர்கள் இன்றும் பேசும் காலம். இக்காலச் செய்திகளைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. கடத்தலைக் காரணம் காட்டி எல்லையை இறுக்கியது ஒரு தரப்பு. எல்லையை இறுக்கி மக்களை வாட்டுவதாகச் சொன்னது மறு தரப்பு. ஒரே கைப்பற்றலை இரு தரப்பு இதழ்களும் எழுதியிருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

கோயிலிலிருந்து கடற்கரை வரை கடத்தல் சுரங்கம் இருந்ததாமே?

கடலோர டெல்டாவில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். கதவு அடைத்த நிலவறை இருக்கலாம். மைல் கணக்கில் சுரங்கம் இருக்க வாய்ப்பில்லை.

இலங்கைப் பக்கத்துக் கடத்தலைப் பற்றிப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

கோடியக்கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையிலான கடலை ஒரே இரவில் கடந்துவிடலாம். அங்கும் இங்கும் ஒரே மொழி, பல குடும்பங்களுக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு. ஒரு தலைமுறைக்கு முன்பு வெறும் வணிகமாக இருந்தது, இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தாலும், பின்னர் இரு நாடுகளிலும் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் கடத்தலாயிற்று. இந்தியாவில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் வந்து 1990-இல் நீக்கப்பட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த காபிபோசா (அந்நியச் செலாவணிக் காப்பு, கடத்தல் தடுப்புச் சட்டம்) 1974-இல் வந்தது. இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் கேட்கும் கதைக்குக் காலம் குறிப்பது எளிது.

நேரே 'நீங்கள் கடத்தினீர்களா, ஐயா?' என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தோணியைப் பற்றிக் கேளுங்கள். எந்த மரம், யார் கட்டியது, எந்த மாதத்துக் காற்றுக்கு எந்தத் துறையிலிருந்து விட்டார்கள், கரை தெரியாத இரவில் எதைப் பார்த்து ஓட்டினார்கள் என்று கேட்டால், வத்தையும் வள்ளமும் சோழகக் காற்றும் வாடையும் தாமாகப் பேச்சில் வரும்; புடவையும் பீடியிலையும் பின்னாலேயே வரும். 'கள்ளத்தோணி' என்ற சொல்லை நீங்களாகப் பயன்படுத்த வேண்டாம். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் மீது வசையாக எறியப்பட்ட சொல் அது; கேட்பவருக்கு இன்னும் சுடும். பெண்களிடமும் தனியே பேசுங்கள். கரையில் சரக்கைப் பிரித்ததும், வீட்டில் மறைத்ததும், சோதனைக்கு வந்தவர்களுக்குப் பதில் சொன்னதும் அவர்கள்தாம்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியம், உப்பு இலாகா, மாவட்ட ஆட்சியர் ஆகியோரின் பதிவுகளைத் தேடலாம். பிரெஞ்சுக் காலத்துக்குப் புதுச்சேரியும் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் காப்பகமும், டேனியர் காலத்துக்குக் கோபன்ஹேகனும், 1706-இல் தரங்கம்பாடி வந்த லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கின் சபைப் பதிவுகளுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரமும் உள்ளன. மராட்டி மொழியை விரைந்து எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள மராட்டியர் காலத்து ஆவணங்களின் ஒரு பகுதி தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. 1883-இல் வந்த தஞ்சாவூர் மாவட்டக் கையேடும், 1906-இல் வந்த மாவட்ட விவரச்சுவடியும் எதற்கும் முன்னால் படிக்க வேண்டியவை. பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மத்திய அரசின் பதிவுகளில் இரகசியமென்று வகைப்படுத்தப்படாதவை, 30 ஆண்டுகளைக் கடந்தபின் ஆய்வாளர் பார்வைக்குரியவை.

கடத்தலில் ஈடுபட்டவர்களின் பெயர்களை எழுதலாமா?

உப்பு வழக்கில் 1890-இல் தண்டிக்கப்பட்டவரின் பெயரை எழுதுவதில் தடை இருக்காது என்று தோன்றலாம். ஆனால் அவருடைய கொள்ளுப்பேரன் அதே தெருவில் அதே பட்டப்பெயரோடு இருக்கக்கூடும். வாழ்பவர்களையும் அண்மையில் மறைந்தவர்களையும் பொறுத்தவரை என் வழக்கம் தெளிவானது: நீதிமன்றத் தீர்ப்பில் பெயர் இருந்தாலும் ஊரளவிலான கட்டுரையில் அதை எழுதுவதில்லை, தோணியின் அளவு, சரக்கு, துறை, ஆண்டு ஆகியவையே வரலாற்றுக்குப் போதுமானவை. வாய்மொழியாகச் சொன்னவரிடம் பதிவுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனியே ஒப்புதல் பெறுங்கள். பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்; அவருடைய பிள்ளைகளில் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அப்பா சொன்ன துறை அது இல்லை, இன்னும் தெற்கே என்று திருத்தம் சொல்லி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.